இன்னார் கடை ஸ்டாப்பிங்

சென்ற தை மாதம், பொங்கல் கரும்பின் சக்கைகூட வாசலில் இன்னும் காயாத ஒரு முற்பகலில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பெரிய ரோட்டின் ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வருகிற பஸ் கடலூர் வண்டியா சிதம்பரம் வண்டியா என்று போர்டைப் பார்த்துச் சொல்லத் தெரியும். ஆம்புலன்ஸுக்குப் போனில் எதை எதை அமுக்க வேண்டும் என்று தெரியும். அதற்கு மேல் எழுத்து எனக்குத் தேவைப்பட்டதில்லை.

முதலில் எங்கள் ஸ்டாப்பிங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

என் வீட்டுக்காரர் பஞ்சர் கடை வைத்திருப்பவர். நான் கல்யாணமாகி வந்தபோதே கடை இருந்தது. ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு கைப்பம்பு, தண்ணீர் நிரப்பிய இரும்புச் சட்டி. டியூபை அந்தத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை எங்கேயோ அங்கிருந்து முட்டை முட்டையாகக் காற்று வரும். அந்தக் கொட்டகைக்கு எதிரில்தான் பஸ்காரர்கள் வண்டியை நிறுத்த ஆரம்பித்தார்கள். நிறுத்துகிற இடத்துக்கு ஒரு பேர் வேண்டுமே? கண்டக்டர்கள் அவர் பேரைச் சொல்லி, “இன்னார் கடை ஸ்டாப்பிங்லாம் எறங்கு” என்று கத்த ஆரம்பித்தார்கள். அதுவே ஊர்ப் பேராக நின்றுவிட்டது. ரோட்டை நாலு வழியாக அகலமாக்கியபோது கொட்டகையை எடுத்துவிட்டார்கள். கடை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பேர் மட்டும் இடம் மாறவில்லை. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களுக்கெல்லாம் அவர்கள் பேரில் ஸ்டாப்பிங் இருக்கிறதா? என் புருஷனுக்கு இருக்கிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பேரை நான் சொன்னதே இல்லை. புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் மாமியார் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். அன்று மூடிய வாய். ரேஷன் கடையில் கேட்டால் பின்னால் நிற்கிறவளைத் திரும்பிப் பார்ப்பேன், அவள் சொல்வாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் கேட்டால் நட்சத்திரத்தை மட்டும் நான் சொல்வேன். பேரை மகன் சொல்வான், அவன் கல்யாணத்துக்குப் பிறகு மருமகள்.

பஸ்ஸில்தான் சிக்கல். பழைய கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். “வாங்க, எடம் எனக்குத் தெரியும், ஒக்காருங்க” என்று சிரிப்பார்கள். புதிதாக யாராவது வந்தால், எங்களுக்கு முந்தின ஸ்டாப்பிங் பேரைச் சொல்லி, “அதுக்கு அடுத்தது” என்பேன். ஒரு தடவை ஒரு புதுக் கண்டக்டர் நான் சொன்னதில் பாதியைக் காதில் வாங்கி, முந்தின ஸ்டாப்பிங்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். மத்தியான வெயிலில் நடந்தேதான் வந்தேன். அப்படி நடந்து வந்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தச் சம்பவத்துக்குக் கொஞ்ச மாதம் முன்னால், கையில் போனும் கழுத்தில் அட்டையும் தொங்க ஒரு பெண்ணும் ஒரு பையனும் எங்கள் ரோட்டோரம் வந்தார்கள். ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு வண்டி எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் இருக்கிறதாம். ஜனங்கள் எந்த இடத்தை எந்தப் பேரில் சொல்கிறார்களோ அதை அந்த வரைபடத்தில் ஏற்றுகிறார்களாம். போன் வந்த உடனே, எந்த வண்டி கிட்டே நிற்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று அதுவே காட்டிவிடுமாம்.

“ஆயா, இந்த எடத்துக்கு என்னா பேரு?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், எங்கள் பின்பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்திருக்கும் ஒருவர் குறுக்கே வந்தார். அங்கே வயலைத் திருத்தி மனை போட்டு, நீலக் கலரில் ஒரு வளைவு கட்டி, ‘லட்சுமி நகர்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

“லட்சுமி நகர்னு போடும்மா. அதான் வளைவுல பெருசா எழுதியிருக்குதே. பஞ்சர் கடை பேருலயா ஒரு ஊரு இருக்கும்?” என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

“ஏங்க, நீங்க இந்த எடத்துக்கு வந்து ரெண்டு மழ பாத்திருப்பீங்களா? உங்க வீட்டுக்குச் செங்கல் எறக்குன லாரிக்கே எங்க ஸ்டாப்பிங் பேரச் சொல்லித்தான வழி சொன்னீங்க?” என்று பிடித்துக்கொண்டேன்.

“சரி ஆயா, அந்தப் பேர நீங்களே சொல்லுங்க, போட்டுடறோம்” என்றான் பையன்.

லட்சுமி நகர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு, “சொல்லுங்களேன் பாப்போம்” என்று சிரித்தார். அவருக்கும் விஷயம் தெரியும். நான் வீட்டைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினேன். அரிசி களைந்துகொண்டிருந்த மருமகள் ஈரக் கையோடு ஓடி வந்து பேரைச் சொன்னாள். பையன் போட்டுக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. “லட்சுமி நகரையும் பக்கத்துலயே ஒரு பேரா சேத்துடட்டுமா ஆயா? ரெண்டு பேரயும் சொல்றாங்கல்ல” என்று கேட்டாள்.

“வேணாம். ஒரு எடத்துக்கு ஒரு பேரு போதும்” என்று சொல்லிவிட்டேன். நான் நின்ற நிலையைப் பார்த்து அவளும் விட்டுவிட்டாள். அன்றைக்கு ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, சாயங்காலம் அவருக்குக் கேசரி கிண்டிப் போட்டேன். எதற்குக் கேசரி என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குத் திருவதிகைக் கோயிலில் கல்யாணம். விடியும் முன்னே ரெண்டு வேன் வைத்துக்கொண்டு தெருவே கிளம்பிப் போய்விட்டது. மகனும் மருமகளும் போய்விட்டார்கள். லட்சுமி நகர்க்காரர்கூட வேட்டி கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறிவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும், “உடம்பு என்னமோ அசதியா இருக்குது, நீங்கல்லாம் போங்க” என்றார். அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? தெருவில் நாங்கள் ரெண்டு பேரும், கோழிகளும்தான்.

கஞ்சி குடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். டியூப் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. அவர் கைநழுவ ஒரு பொருளை விடுகிற ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறார். “என்னங்க, என்னங்க” என்கிறேன். அவர் கையை மட்டும் அசைக்கிறார். மூச்சு வாங்குகிறதே தவிரப் பேச்சு வரவில்லை.

மீன் கையோடு போனை எடுத்தேன். மகனுக்கு அடித்தால் மேளச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ரோட்டுக்கு ஓடிக் கையைக் காட்டினேன். அந்த ரோட்டில் வண்டிகள் போகிற வேகத்துக்கு நான் இருப்பதே தெரிந்திருக்காது. சரி என்று ஆம்புலன்ஸுக்கு அடித்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். சென்னையிலிருந்து பேசுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் இருந்து பேசுகிற மாதிரிதான் இருந்தது. என்ன ஆச்சு, மூச்சு இருக்கிறதா, நினைவு இருக்கிறதா என்று மளமளவென்று கேட்டாள். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடச் சொன்னாள், சாய்த்து உட்கார வைக்கச் சொன்னாள், ஒரு அடிகூட நடக்க விடாதே என்றாள். எல்லாம் செய்தேன்.

“அம்மா, இப்ப எந்த எடத்துல இருக்கீங்க?”

“சிதம்பரம் ரோட்டுலதாம்மா. கடலூர் தாண்டி வரணும்.”

“உங்களது பட்டன் போனும்மா. டவர் மட்டுந்தான் காட்டுது. அந்த டவருக்குப் பெரிய வட்டம், உள்ள நெறைய ஊரு இருக்குது. உங்க ஸ்டாப்பிங் பேரு என்னா?”

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. எத்தனை வருஷத்துப் பூட்டு அது! அதுவும் எந்த நேரத்தில்? அவர் கண்ணெதிரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, ஆயுசு குறையும் என்று நான் நம்புகிற காரியத்தை நானே செய்வதா? ரோட்டைப் பார்த்தேன். நீல வளைவு கண்ணில் பட்டது.

“லட்சுமி நகரும்மா” என்று சொன்னேன். எனக்கே நிம்மதியாக இருந்தது. நல்ல வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

“லட்சுமி நகரா... ஆங், காட்டுதும்மா. வட்டத்துக்குள்ளதான் இருக்குது. ரோட்டுமேலயே வளைவு இருக்குமா?”

“ஆமாம்மா, ஆமாம்மா, வளைவு இருக்குது.”

“வண்டி கெளம்பிடுச்சும்மா. டிரைவர் பேசுவாரு. தைரியமா இருங்க.”

தைரியமாகத்தான் இருந்தேன். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன். “வண்டி வந்துடும், வந்துடும்” என்று சொல்லிக்கொண்டே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோழி ஒன்று மீன் சட்டியை உருட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன் அடித்தது. டிரைவர்.

“ஆயா, லட்சுமி நகர் வளைவுலதான் நிக்கறேன். எந்தத் தெரு?”

நான் வளைவைப் பார்த்தேன். ஒரு நாய்தான் படுத்திருந்தது.

“இங்க வண்டி ஒண்ணும் இல்லியே தம்பி?”

“எதுத்தாப்ல பெட்ரோல் பங்கு இருக்குதே, அதுக்கு இந்தாண்டயா அந்தாண்டயா?”

எங்கள் பக்கத்தில் பங்கே கிடையாது. அவன் நின்றது பரங்கிப்பேட்டை போகிற ரோட்டில் இருக்கும் இன்னொரு லட்சுமி நகர். மனை போடுகிற இடத்திலெல்லாம் லட்சுமிதானே! எங்கள் லட்சுமி நகர் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லை. அதைச் சேர்க்கிறேன் என்று சொன்ன பெண்ணை, வேண்டாம் என்று தடுத்தது யார்? நான்தான். அந்த வரைபடத்தில் எங்கள் இடத்துக்கு ஒரே ஒரு பேர்தான் இருக்கிறது. அதைச் சண்டை போட்டு ஏற்றிவைத்ததும் நான்தான், அதைச் சொல்ல முடியாமல் நிற்பதும் நான்தான்.

அதற்குள் சென்னைப் பெண்ணும் அதே லைனில் வந்துவிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, ஆனால் அவசரம் இருந்தது.

“அம்மா, பஸ்ஸுல வந்தா எங்கன்னு சொல்லி டிக்கெட் எடுப்பீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

“அது... அவுங்க பேரும்மா.”

“எவுங்க பேரு?”

“இவுங்க பேரு.”

“யாரும்மா?”

“நெஞ்சு வலின்னு சொன்னேனே, இவுங்கதாம்மா!”

உடனே டிரைவர், “ஆயா, நீ தாத்தா பேரச் சொல்ல மாட்டியா?” என்று கத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. ஆனால் எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது என்பது தெரிந்தது. என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். சொல் என்று ஆட்டினாரா, வேண்டாம் என்று ஆட்டினாரா, இன்றுவரை அவர் சொல்லவில்லை. நான் சொல் என்றே எடுத்துக்கொண்டேன்.

சொன்னேன். அவர் பேரைச் சொல்லி, அதோடு ‘கடை ஸ்டாப்பிங்’ என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு டேங்கர் லாரி எங்களைத் தாண்டிப் போனது. “சரியா விழலம்மா, இன்னொரு தடவ” என்றாள் சென்னைப் பெண். சொன்னேன். “இன்னும் கொஞ்சம் சத்தமா.” கொல்லைக்குப் பின்னால் இருக்கிற சவுக்குத் தோப்பு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். ஒரு தடவை உடைத்த பிறகு என்ன? ஊரே கேட்டிருக்கும், ஆனால் ஊரில்தான் யாரும் இல்லையே!

“காட்டுதும்மா! ரோட்டுமேலயே காட்டுது. அந்த வண்டியே உங்களுக்குக் கிட்டக்கதான் இருக்குது” என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். யார் பெற்ற பிள்ளையோ, எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, முன்பின் பார்க்காத கிழவனுக்காக அத்தனை சந்தோஷம்.

டிரைவர்தான் புலம்பினான். “இன்னார் கடையா! அடக் கடவுளே, மொதல்லயே சொல்லியிருந்தா கண்ண மூடிக்கிட்டு வந்திருப்பனே ஆயா! எங்கப்பா சைக்கிளுக்கு அங்கதான காத்து அடிப்பாரு!”

வண்டி வருகிற சத்தம் கேட்கிற வரைக்கும் அவள் போனை வைக்கவில்லை. இதோ திரும்பிட்டாரு, இதோ பாலம் ஏறிட்டாரு என்று வண்டி நகர்வதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அதை அப்படியே அவரிடம் திருப்பிச் சொன்னேன். கிரிக்கெட் சொல்கிற மாதிரி இருந்தது என்று அவர் இப்போது கேலி செய்கிறார்.

வந்தார்கள். டிரைவரும், கூட வந்த நர்சுப் பெண்ணும் அவரைப் பூ மாதிரி தூக்கிப் படுக்கவைத்தார்கள். மூக்கில் மாஸ்க் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நெஞ்சில் ஏதேதோ ஒட்டினார்கள். கதவைச் சாத்தி வண்டி கிளம்பியதும் நர்சுப் பெண் ஒரு பெரிய போன் மாதிரி பலகையை எடுத்து வைத்துக்கொண்டு, “பேஷண்ட் பேரு என்னாம்மா?” என்று கேட்டாள்.

“அதான் ஸ்டாப்பிங் பேரு. அதையே போட்டுக்க” என்றேன். எத்தனை தடவைதான் சொல்வது?

முன்னால் டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நர்சுப் பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்து அவளும் சிரித்தாள். அப்போது என் கையில் ஏதோ பட்டது. பார்த்தால் அவர் விரல். மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினார். உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

“இன்னொரு தடவ சொல்லு.”

“தாத்தா, பேசக் கூடாது” என்று நர்சுப் பெண் மாஸ்க்கை இழுத்து வைத்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூச்சே வாங்க முடியாத மனுஷனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்!

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள், சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள். மகனும் மருமகளும் கல்யாணச் சேலை வேட்டியோடு பதறி ஓடிவந்தபோது அவர் கண் திறந்து படுத்திருந்தார். “மாமா, எப்படி இருக்கீங்க?” என்று அழுத மருமகளிடம் அவர் சொன்ன முதல் சேதி, “உங்க அத்த என் பேரச் சொல்லிட்டா” என்பதுதான். மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ஆளுக்கு என்ன ஆச்சு என்பதே மறந்துபோயிருந்தது. “நெசமாவா அத்த? நான் கேக்காமப் போயிட்டனே!” என்றாள்.

ஒரு வாரம் போல இருந்து வீடு திரும்பினோம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. லட்சுமி நகர்க்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, “நல்லவேள, அன்னிக்கு நீங்க என் பேச்சக் கேக்கல” என்றார். “கேட்டிருந்தாலும் வண்டி வந்திருக்கும், ரெண்டு பேரயும் போட்டிருந்தா இன்னும் சீக்கிரமே வந்திருக்கும்” என்று நானும் விட்டுக்கொடுத்தேன். உண்மை அதுதானே! பிறகு மருமகள் போன் பேசி, லட்சுமி நகரையும் அந்த வரைபடத்தில் சேர்க்கச் சொன்னாள். சேர்த்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்த வேடிக்கை. ஒருநாள் ஆம்புலன்ஸ்காரர்களிடமிருந்து போன். வேறொரு பெண். அன்றைக்கு நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருக்கிறார்களாம். அதைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு.

“அம்மா, ஒரு சின்ன சந்தேகம். எடத்தோட பேருலயும் நோயாளியோட பேருலயும் ஒண்ணே விழுந்திருக்குது. தப்பா டைப் பண்ணிட்டாங்கன்னு கம்ப்யூட்டர் செகப்புல காட்டுது. எது எடம், எது ஆளுன்னு சொல்றீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“இல்லம்மா, எடம் வேற, ஆளு வேற தான?”

“எப்படிம்மா வேறயாவும்? அந்த ஆளு இருக்கறதாலதான் அது எடம்” என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இருங்கம்மா, எங்க சார் கிட்ட இதச் சொல்லுங்க” என்று சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனை வைத்தாள். அங்கே இருந்தவர்கள் எத்தனை பேரோ, எல்லாருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னேன். அன்றைக்குப் பேசிய பெண்ணும் அங்கேதான் இருந்தாளாம். “அம்மா, தாத்தா எப்படி இருக்காரு?” என்று அவள் குரல் தூரத்திலிருந்து வந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. “அந்தா ரோட்டோரம் ஒக்காந்து பஞ்சர் ஒட்டறாரும்மா. வேணாம்னா கேக்கறாரா?” என்றேன். கை தட்டினார்கள். சென்னையில் என் புருஷனுக்குக் கை தட்டினார்கள்!

சென்ற மாதம் மறுபடி காட்டிவிட்டு வருவதற்காக சிதம்பரம் போயிருந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு புதுக் கண்டக்டர், கையில் டிக்கெட் மிஷினோடு வந்து, “எங்க எறங்கணும்?” என்றார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல வாயைத் திறந்தார். அவர் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நானே சொன்னேன், முழுசாக. எங்கள் தெருக்காரி ஒருத்தி முன் சீட்டில் இருந்தாள். “யக்கா!” என்று திரும்பியவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். கண்டக்டருக்கு அது ஒரு ஸ்டாப்பிங்தானே, மிஷினை அமுக்கி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரவனாற்றுப் பாலம் தாண்டுகிற வரைக்கும் திரும்பவில்லை. சிரிப்பை மறைக்கத்தான் அப்படி. கன்னம் மேலே ஏறியிருப்பது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

இப்போது அந்தப் பேரை இங்கேயும் எழுதிவிடச் சொன்னேன். மருமகள்தான், “பத்திரிகையில இந்தப் பகுதிக்கு யார் பேரையும் போடக் கூடாதாம் அத்த” என்கிறாள். சரி, எனக்குப் பழக்கம்தானே, போகட்டும். ஆயுசு குறையும் என்று என் மாமியார் சொன்னது அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், நான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது அதே பயத்தில். ஆனால் நான் வாய் திறந்த அன்றைக்குத்தான் அவர் பிழைத்தார் என்பதை, ரோட்டில் பஸ் நின்று கண்டக்டர் அந்தப் பேரைக் கத்துகிற ஒவ்வொரு தடவையும் அடுப்படியிலிருந்து கேட்டு நான் நினைத்துக்கொள்கிறேன், அவரும் வாசலில் இருந்தபடியே, “என் பேரு இப்ப ஒன் வாய்லதான இருக்குது, ஒன்னத்தான் கூப்புடறாங்க, போயி என்னான்னு கேளு” என்கிறார்.